எண்ணெய் இருக்கிறதா? வருகைக்கு ஆயத்தமாகும் நாட்கள்

வேத பாடம்

வாசிக்கவேண்டிய பகுதிகள்: யோசுவா 2, ஏசாயா 40:1–11, மத்தேயு 25:1–13, லூக்கா 2:25–38, லூக்கா 3:1–18
மனப்பாடம் செய்ய: ரோமர் 13:11, 12



டிசம்பர் வந்தால் மேடவாக்கம் கடைகளிலே காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். தையற்காரரிடம் "கிறிஸ்மஸுக்கு முன்னாடி குடுத்துடுவீங்கல்ல?" என்று நாம் கேட்க ஆரம்பித்துவிடுவோம். அதே மாதத்தில்தான் நம்முடைய பெரும்பாக்கத்தில் எல்லாரும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்போம். நட்சத்திரத்துக்காக அல்ல, மழைக்காக! ஆகவே ஆயத்தம் என்ற வார்த்தையை நமக்கு யாரும் புதிதாய்ச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எதற்கு ஆயத்தமாகிறோம், எப்படி ஆயத்தமாகிறோம் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் தியானிக்கப்போகிறோம்.

முதலாவது, நான் வெட்கப்பட்ட ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில், இங்கே குடியிருப்பில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஆண்டவருடைய இரண்டாம் வருகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். முடிந்ததும் அந்த வீட்டுச் சகோதரி என்னிடம் கேட்டார்கள். அவர்கள் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்கள்.

"பாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. ஆண்டவர் வர்றார் வர்றார்னு எங்க ஆயா சொன்னாங்க, எங்கம்மா சொன்னாங்க, இப்போ நீங்க சொல்றீங்க. வேலை வரும்னாங்க, எல்லா வசதியும் வரும்னாங்க. வரும் வரும்னு கேட்டே காது மரத்துப்போச்சு. நான் என்னத்த நம்பிக் காத்திருக்கிறது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? 2 பேதுரு 3-ம் அதிகாரத்தைத் திறந்து, கடைசி நாட்களில் இப்படிக் கேட்கிறவர்கள் வருவார்கள் என்று வாசித்து, ஒரு ஜெபத்தைச் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் படி இறங்கும்போது, மூன்றாவது மாடியிலே ஆவியானவர் என் உள்ளத்தில் குத்தினார். பேதுரு எழுதியது பரியாசக்காரரைக் குறித்து. இந்தச் சகோதரி பரியாசம் பண்ணவில்லையே! காத்திருந்து களைத்துப்போய் அல்லவா கேட்டார்கள்! கண்ணீரோடு கேட்டவர்களுக்கு நான் வசன நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரியமானவர்களே, நான் அந்தச் சகோதரிக்குக் கொடுக்கவேண்டிய கடன்தான் இந்தப் பாடம்.

1. அட்வென்ட் என்றால் என்ன?

நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் அட்வென்ட் என்று தனியாய் அனுசரிப்பதில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபைகளில் கிறிஸ்மஸுக்கு முந்தின 4 ஞாயிற்றுக்கிழமைகளை அப்படி அனுசரிக்கிறார்கள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வருகிற ஞாயிறுதான் அதன் ஆரம்பம்.

அட்வென்ட் என்பது லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. அர்த்தம், வருகை. ரோமப் பேரரசர் ஒரு பட்டணத்துக்கு எழுந்தருளி வருவதற்கும் இதே வார்த்தைதான். அதை நாணயங்களில்கூடப் பொறித்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் ஆண்டவருடைய வருகைக்கு வருகிற "பரூசியா" என்ற கிரேக்க வார்த்தையும் ராஜா வருவதற்குப் பயன்பட்ட வார்த்தையே.

ராஜா வந்தால் என்ன நடக்கும்? நமக்குத் தெரியாதா! பெரிய தலைவர் ஒருவர் வருகிறார் என்றால் இரவோடு இரவாக ரோடு போடுவார்கள். பள்ளம் மூடப்படும், குப்பை காணாமல் போகும், ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் விழும். ஏசாயா 40-ல் தீர்க்கதரிசி சொல்லுகிறதும் அதுவே. பள்ளம் உயரவேண்டும், மேடு தாழவேண்டும், கோணலானது நேராகவேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம். தலைவர் போன மறுநாளே ரோடு பழையபடி ஆகிவிடும். நம்முடைய ராஜாவோ வந்துவிட்டுப் போகிறவர் அல்ல, நம்மோடு தங்க வருகிறவர். ஒரு நாள் பூச்சு வேலை அவரிடத்தில் செல்லாது.

அட்வென்ட் பின்னாலும் பார்க்கிறது, முன்னாலும் பார்க்கிறது. பெத்லகேமில் வந்தவரை நினைக்கிறோம், மேகங்களோடு வரப்போகிறவரை எதிர்பார்க்கிறோம். அந்தப் பேர் நமக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் "மாரநாதா" என்று சொல்லுகிற நமக்கு அந்தக் காரியம் அந்நியமானதா?

2. நம்பிக்கை ஒரு கயிறு

எபிரெய பாஷையில் நம்பிக்கைக்கு "திக்வா" என்று ஒரு வார்த்தை உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், யோசுவா 2-ம் அதிகாரத்தில் ராகாப் தன் ஜன்னலில் கட்டின சிவப்புக் கயிற்றுக்கும் இதே வார்த்தைதான் எழுதப்பட்டிருக்கிறது! ஏசாயா 40:31-ல் கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களைப் பற்றிச் சொல்லும் வார்த்தையும் இதற்கு உறவான வார்த்தையே. ஆக, நம்பிக்கை என்பது வெறும் "பார்க்கலாம், நல்லது நடக்கும்" என்ற நினைப்பு அல்ல. ஒரு முனை நம் கையிலும் மறுமுனை வாக்குக் கொடுத்தவர் கையிலும் இருக்கிற கயிறு.

ராகாபின் வீடு எங்கே இருந்தது? பட்டணத்தின் நடுவிலா? இல்லை, மதிலின்மேல். ஓரத்திலே இருந்த வீடு. ஆற்றங்கரை ஓரம், கால்வாய் ஓரம், ரயில்வே லைன் ஓரம் வாழ்ந்தவர்களே, கேளுங்கள்! மதில் விழும்போது முதலில் விழவேண்டிய வீடு அது. அந்த வீடுதான் தப்பியது.

மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

(அ) வேவுகாரர் இறங்கிப்போனதும் அவள் கயிற்றைக் கட்டினாள். சேனை வரட்டும், அப்புறம் தேடி எடுத்துக் கட்டலாம் என்று இருக்கவில்லை.

(ஆ) கயிறு கட்டினதும் இரட்சிப்பு வந்துவிடவில்லை. வேவுகாரர் 3 நாள் மலையில் ஒளிந்திருந்தார்கள். பிறகு இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தார்கள், கில்காலில் தங்கினார்கள், பஸ்காவை ஆசரித்தார்கள், 7 நாள் பட்டணத்தைச் சுற்றினார்கள். அத்தனை நாளும் வெயிலிலும் காற்றிலும் அந்தக் கயிறு தொங்கிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள், "என்ன இது, ஒரு சிவப்புக் கயிறைக் கட்டித் தொங்கவிட்டிருக்கா" என்று கேட்டிருக்கலாம். அவள் அவிழ்க்கவில்லை.

(இ) தகப்பன், தாய், சகோதரர் எல்லாரையும் அவள் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. நம்பிக்கையுள்ளவள் தான் மாத்திரம் தப்பிக்கப் பார்ப்பதில்லை.

இந்த ராகாபின் பேர் எங்கே வருகிறது? மத்தேயு 1:5-ல், இயேசு கிறிஸ்துவின் வம்ச அட்டவணையில்! ஓரத்து வீட்டுக்காரியின் சந்ததியிலே உலகத்தின் நம்பிக்கை பிறந்தது. அல்லேலூயா!

3. காத்திருந்து முதிர்ந்தவர்கள்

மல்கியா தீர்க்கதரிசிக்கும் யோவான் ஸ்நானகனுக்கும் நடுவே ஏறக்குறைய 400 வருஷம். பெர்சியன் போய், கிரேக்கன் போய், ரோமன் வந்துவிட்டான். வாக்குத்தத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. "எங்க ஆயா சொன்னாங்க, எங்கம்மா சொன்னாங்க" என்று அன்றைக்கு எருசலேமிலும் சொல்லியிருப்பார்கள் அல்லவா?

அந்தக் கூட்டத்தில்தான் சிமியோனும் அன்னாளும் இருந்தார்கள். அன்னாள் 84 வயது விதவை. கலியாணமாகி 7 வருஷத்தில் புருஷனை இழந்தவள். அவள் கசந்துபோக எவ்வளவோ காரணம் உண்டு. ஆனால் உபவாசத்திலும் ஜெபத்திலும் தேவாலயத்தைவிட்டு நீங்காமல் இருந்தாள். ஒரு நாள் ஒரு ஏழைத் தம்பதி, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் செலுத்தும் புறாக் காணிக்கையோடு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆலயத்தில் எத்தனை ஆசாரியர்! எத்தனை வேதபாரகர்! அடையாளம் கண்டுகொண்டதாக லூக்கா சொல்லுகிறது இந்த இரண்டு பேரைத்தான்.

காத்திருக்கிறவன் எதையும் இழப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்னாள் தன் வாலிபத்தை இழந்தாள். ஆனால் காத்திருந்த கண்ணுக்குத்தான் வந்தவரைத் தெரிந்தது.

நம்முடைய தாம்பரத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. ஏறக்குறைய 70 தேசங்களிலிருந்து சுமார் 470 பேர் வந்திருந்தார்கள். முதலில் அதைச் சீனாவில் நடத்தத்தான் திட்டம். ஜப்பான் சீனாவின்மேல் யுத்தம் தொடுத்ததால் தாம்பரத்துக்கு மாறியது. அந்த அட்வென்ட் நாட்களிலும் கிறிஸ்மஸிலும் சீன விசுவாசிகளும் ஜப்பானிய விசுவாசிகளும் ஒரே வளாகத்தில் தங்கியிருந்தார்கள். அதனால் யுத்தம் நின்றதா? இல்லை. 9 மாதத்தில் இரண்டாம் உலக யுத்தமே ஆரம்பித்தது. அப்படியானால் அந்த ஐக்கியம் வீணா? இல்லை பிரியமானவர்களே. இருட்டு இன்னும் போகவில்லை என்பதற்காக விளக்கை ஊதி அணைப்பார்களா?

4. நாள் குறிக்கிறவர்களுக்கு எச்சரிக்கை

காத்திருக்க முடியாதவர்கள் நாள் குறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் போதனையை நம்பி, 1844 அக்டோபர் 22-ல் ஆண்டவர் வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் எதிர்பார்த்தார்கள். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காமல் விட்டார்கள். விடிந்தது, ஆண்டவர் வரவில்லை. தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு கூட்டத்தார் குறித்தார்கள். வேலையை விட்டவர்கள் உண்டு, சொத்தை விற்றவர்கள் உண்டு. அந்தத் தலைவர் வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்களோ 1993 மே மாதம்தான் முதிர்ச்சியடைவதாயிருந்தன! மோசடிக்காக அவர் சிறைத்தண்டனை அடைந்தார்.

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36). வருகை சமீபம் என்று சொல்லி வேலையை விட்டுத் திரிந்த தெசலோனிக்கேயருக்குப் பவுல் என்ன சொன்னார்? அமைதலாய் வேலைசெய்து சாப்பிடுங்கள் என்றார் (2 தெசலோனிக்கேயர் 3:10–12). ஆகையால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஒழுங்காய் வேலைக்குப் போங்கள். செய்கிற வேலையில் இருக்கும்போதே எக்காளம் தொனிக்கட்டும். நாள் தெரியாததால்தான் ஒவ்வொரு நாளும் முக்கியமாயிருக்கிறது.

5. வாய்க்காலைத் தூர்வாருங்கள்

2015-ல் அட்வென்டின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்த செவ்வாய்க்கிழமை டிசம்பர் 1. அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! 2023-ல் அட்வென்டின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றும் மறுநாளும் மிக்ஜாம் புயல் மழை. இரண்டு தடவையும் அட்வென்ட் வாரத்திலேதான் நாம் தண்ணீரில் நின்றோம்.

இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாய் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேரவேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தில் பெரும்பங்கு கட்டிடங்களாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. மீதியை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தண்ணீருக்குப் போக வழியில்லாவிட்டால் வீட்டுக்குள் வரும். மழை பெய்யும்போது தூர்வார முடியாது. வெயில் காலத்திலேயே வாரியிருக்கவேண்டும்.

யோவான் ஸ்நானகன் யோர்தான் கரையில் கேட்டதும் இதுதான். உங்கள் உள்ளத்தின் வாய்க்காலில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது? 3 வருஷமாய்ப் பேசாத அண்ணன் தம்பி பகையா? யாருக்கும் தெரியாத குடியா? திருப்பிக் கொடுக்காத கடனா?

ஜனங்கள் யோவானிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலைப் பாருங்கள் (லூக்கா 3:10–14). தரிசனம் காணுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. ஆயக்காரனே, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. சேவகனே, மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்று இரு. அவ்வளவுதான்!

இன்றைக்கு வந்தால் நமக்கு என்ன சொல்லுவார்? ஆட்டோ ஓட்டுகிற தம்பி, மழைநாளில் மாட்டிக்கொண்டவரிடம் இரட்டிப்பாய்க் கேட்காதே. வட்டிக்குக் கொடுக்கிற அக்கா, ஏழை வீட்டு வாசலில் நின்று கத்தாதீர்கள். தண்ணீர் லாரி வந்தால், வயதானவர்களின் குடத்தை முன்னால் வையுங்கள். பாஸ்டரே, பெரிய காணிக்கை போடுகிற வீட்டுக்கு அடிக்கடி போய், ஆறாவது மாடிக்கு வருஷத்துக்கு ஒருதரம் போகாதே. ஆம், இது எனக்குத்தான்.

6. எண்ணெய் இரவல் கிடைக்காது

பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பாருங்கள். பத்துப் பேரும் மணவாளனைச் சந்திக்கப் போனவர்கள். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள்! தூங்கினதற்காக ஆண்டவர் யாரையும் தள்ளவில்லை. களைப்பு பாவம் அல்ல. அந்தச் சகோதரியிடம் நான் இதைச் சொல்லியிருக்கவேண்டும். "களைச்சுப் போயிட்டீங்களாம்மா? புத்தியுள்ள கன்னிகைகளும் களைச்சுத்தான் போனாங்க."

வித்தியாசம் ஒன்றுதான். மணவாளன் தாமதித்தால் என்ன செய்வது என்று ஐந்து பேர் யோசித்து, கூட எண்ணெய் கொண்டுவந்தார்கள். அதாவது, தாமதத்துக்கும் ஆயத்தப்படுவதே ஆயத்தம்! ஒரு மாதத்துக்கு ஆவியில் கொழுந்துவிட்டு எரிந்து, ஜனவரியில் அணைந்துபோகிறவர்கள் எத்தனை பேர்! கன்வென்ஷன் பந்தலில் எரிவது தீவட்டி. திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு, யாரும் பார்க்காதபோது முழங்காலில் நிற்பது எண்ணெய். அம்மாவின் ஜெபம் பிள்ளைக்கு ஆசீர்வாதம்தான், ஆனால் அம்மாவின் எண்ணெய் பிள்ளையின் பாத்திரத்தில் தானாய் வந்துவிடாது. வாலிபப் பிள்ளைகளே, உங்கள் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் பட்டணத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோகான் விச்செர்ன் என்ற ஊழியக்காரர், "கிறிஸ்மஸ் எப்போ?" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். தினம் ஒன்று கொளுத்தினார்கள். நாள் போகப்போக வெளிச்சம் கூடியது. காத்திருக்கும் நாட்களில் வெளிச்சம் குறையக்கூடாது, கூடவேண்டும். இதை அந்த ஏழைப் பிள்ளைகள் கண்ணாலே கண்டார்கள்.

முடிவுரை

ஒரு வாரம் கழித்து நானும் என் மனைவியும் மறுபடியும் அந்த ஆறாவது மாடிக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. மேலே ஏழாவது மாடியிலிருந்து அந்தச் சகோதரி இறங்கி வந்தார்கள், கையிலே காலிக் குடமும் கஞ்சிப் பாத்திரமும். லிஃப்ட் ஓடாத நாட்களில் மேலே படுக்கையில் கிடக்கிற ஒரு பாட்டியம்மாவுக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோகிறார்களாம். விசாரித்தோம்.

"அவங்க மகன் வருவான் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடக்கிறாங்க பாஸ்டர். அவன் வர்ற வரைக்கும் யாராச்சும் பாத்துக்கணும்ல?"

நான் கொண்டுபோன வசனத்தை எடுக்கவே இல்லை. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர்களே குடம் தூக்கிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னத்தை நம்பிக் காத்திருக்கிறது என்று வாய் கேட்டது, கைகளோ ஏற்கனவே காத்திருந்தன. "இதுதாம்மா எண்ணெய்" என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் படியிலே உட்கார்ந்து ஜெபித்தோம்.

தேவபிள்ளைகளே, அவர் வருகிறவரைக்கும் நம்மிடத்தில் ஒப்புவிக்கப்பட்டவர்கள் யார்? நம்முடைய பிளாக்கில், நம்முடைய தெருவில், யார் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

குடும்பமாய்ச் சிந்திக்க:

1. நான் அவிழ்த்துப்போட்ட நம்பிக்கையின் கயிறு எது? அதை மறுபடியும் எந்த ஜன்னலில் கட்டவேண்டும்?
2. கிறிஸ்மஸுக்கு முன் நான் ஒப்புரவாகவேண்டிய ஒருவர் யார்? என்றைக்குப் போவேன்?
3. இரண்டு வஸ்திரம் எடுக்க வைத்திருக்கும் பணத்தில் ஒன்றை யாருக்குக் கொடுப்பேன்?
4. யாரும் பார்க்காத நேரத்தில் ஆண்டவரோடு நான் செலவிடுகிற நேரம் எவ்வளவு?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, காத்திருந்து களைத்த உம்முடைய பிள்ளைகளைப் பாரும். எங்கள் உள்ளத்தின் அடைப்புகளை நீக்கும். தாமதிக்கும் இரவுக்குப் போதுமான எண்ணெயை உம்முடைய ஆவியானவராலே தாரும். நீர் வரும்போது எங்கள் கைகள் வெறுமையாய் இராமல், யாருக்கோ குடம் சுமந்துகொண்டிருக்கக் காணப்பட கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்.

கர்த்தர் வருகிறார். மாரநாதா!